அறுத்தெடுத்த கர்ப்பப்பையை அப்படியே டப்பாவுல போட்டு மூடி வெக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில ஒரு தம்பி எழுதியிருந்தாரு. அவங்க அம்மாவுக்கு சினைப்பையில கட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்களாம், நாலு நாள் கழிச்சு வந்த ரிப்போர்ட்ல கடைசி வரியில "ஐஎச்சி செய்து பார்க்கவும்"னு, அதாவது சதையில எந்த புரதம் இருக்குன்னு கலர் ஏத்தி பாக்கிற டெஸ்டை செய்யச் சொல்லி, போட்டு விட்டுட்டாங்களாம், கேட்டா அதுக்கு தனியா ஆயிரக்கணக்குல கட்டணும்னாங்களாம், முதல் டெஸ்ட்ல சொல்ல முடியாததை ரெண்டாவது டெஸ்ட்ல எப்படி சொல்லுவாங்க, இது பணம் புடுங்குற வேலைன்னு எழுதியிருந்தாரு. அந்த தம்பியோட கோவம் எனக்குப் புரியுது, ஆஸ்பத்திரி வாசல்ல பர்ஸை திறந்து திறந்து மூடுறவங்களுக்குத் தான் அந்த வலி தெரியும். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற வேலைய 1996லேர்ந்து 2021 வரைக்கும் இதே சென்னையில ஒரு லேபுல என் கையால செஞ்சவ நான், அதனால பதில் எழுதாம இருக்க முடியல. கடிதம் நீளமாத்தான் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

தம்பி, முதல் டெஸ்ட்ல டாக்டர் பாக்குறது உருவத்தை. சதைய மெழுகுல பதிச்சு அதை ஒரு மில்லிமீட்டர்ல இருநூத்தி அம்பது, முந்நூறு பங்கு ஒண்ணு போடற மாதிரி மெலிசா சீவி, ரோஸ் கலரும் ஊதா கலரும் ஏத்தி மைக்ராஸ்கோப்புல வெச்சா செல்லோட வடிவம், அடுக்கு, கரு எவ்ளோ பெருசுன்னு எல்லாம் தெரியும். பாதிக்கு மேல கேஸ்ல அதுவே போதும். ஆனா புத்துநோய் ரொம்ப கெட்டுப்போன நிலைமையில இருந்தா செல்லுங்க தன்னோட சொந்த முகத்தை தொலைச்சிடும், சினைப்பையில பொறந்ததும் குடல்லேர்ந்து வந்து சினைப்பையில ஒட்டிக்கிட்டதும் ஒண்ணு போலவே இருக்கும். வயித்துலயும் பெருங்குடல்லயும் வர்ற புத்துநோய் சினைப்பைக்கு வந்து உக்காந்துக்கிறது புதுசு இல்ல, நான் பாத்த கேஸே நிறைய. ரெண்டுக்கும் குடுக்கிற கீமோ வேற, ஆபரேஷன் வேற. அந்த அம்மாவுக்கு எது வந்திருக்குன்னு தெரியாம மருந்து ஏத்தறதை விட நாலு நாள் காத்திருக்கிறது எவ்ளோ மேல்.

அப்போ தான் ஐஎச்சி. செல்லோட உருவம் மாறினாலும் அது உள்ள தயாரிக்கிற புரதம் அவ்ளோ சீக்கிரம் மாறாது. ஒவ்வொரு புரதத்தையும் மட்டும் தேடிப் புடிக்கிற ஆன்டிபாடி பாட்டில்ல வருது, அதை ஸ்லைடு மேல விட்டா அந்த புரதம் இருக்கிற இடத்துல போய் ஒட்டிக்கும், அப்புறம் ஒரு ரசாயனத்தை ஊத்தினா ஒட்டின இடம் மட்டும் காபித்தூள் மாதிரி பழுப்பா மாறும், மத்த இடம் நீலமா நிக்கும். கல்யாண மண்டபத்துல நின்னுக்கிட்டு "குமாரு"ன்னு கூப்பிட்டா குமாரு திரும்பற மாதிரி. ஆனா நம்ம ஊர் மண்டபத்துல நாலு குமாரு இருப்பாங்க இல்லியா, அதனால தான் ஒரே ஒரு மார்க்கர், அதாவது அப்படி தேடற ஒரே ஒரு புரதம், போட்டு எந்த நல்ல டாக்டரும் முடிவு சொல்ல மாட்டாங்க, அப்பா பேரு என்ன, எந்த ஊருன்னு அடுத்தடுத்து கேக்கற மாதிரி நாலஞ்சு மார்க்கர் சேத்து போடுவாங்க. சினைப்பைக் கட்டின்னா சிகே7, பேக்ஸ்8, டபிள்யூடி1 ஒரு பக்கம், சிகே20, சிடிஎக்ஸ்2 இன்னொரு பக்கம். முதல் கூட்டம் பழுப்பாச்சுன்னா பெரும்பாலும் அங்கயே பொறந்தது, ரெண்டாவது கூட்டம் பழுப்பாச்சுன்னா குடலை தேடிப் பாருங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு மார்க்கருக்கும் தனி ஸ்லைடு, கூடவே வேலை சரியா நடந்துச்சான்னு பாக்க ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு. ஆன்டிபாடி பாட்டில் பெரும்பாலும் வெளிநாட்டுலேர்ந்து வருது, சின்ன பாட்டில், தேதி முடிஞ்சா கொட்டணும். காசு அங்க தான் போகுது தம்பி. அதுக்காக கேக்கிற காசெல்லாம் நியாயம்னு நான் சொல்லல, அதை அப்புறம் சொல்றேன்.

நான் வேலைக்கு சேந்தப்போ எங்க லேபுல இதுக்கு மெஷின் எல்லாம் கிடையாது. சதை அழுகாம இருக்க பார்மலின்னு ஒரு மருந்துல போடுவோம், அதுல ஊறின சதையில புரதமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஆன்டிபாடிக்கு முகம் காட்டாது. 1991ல ஷின்னு ஒரு விஞ்ஞானி ஸ்லைடை தண்ணியில போட்டு மைக்ரோவேவ்ல நல்லா சூடு பண்ணா அந்த பின்னல் அவுந்து புரதம் வெளிய தெரியும்னு எழுதினாரு, அதுக்கப்புறம் தான் இந்த டெஸ்டே ஊர் ஊருக்கு பரவுச்சு. எங்க லேபுல மைக்ரோவேவ் வாங்க காசு இல்ல, சமையல் பிரஷர் குக்கர் தான். சிட்ரேட் கரைசல ஊத்தி ஸ்லைடு ஸ்டாண்டை இறக்கி மூடி, விசில் வந்ததும் கடிகாரத்தை பாத்துக்கிட்டே நிப்பேன். ஒரு நிமிஷம் கூடிட்டா சதை ஸ்லைடை விட்டு கழண்டு மிதக்கும், குறைஞ்சிட்டா கலர் ஏறாது. மதியம் சாப்பிடாம கழுவி கழுவி ஊத்தி சாயங்காலம் அந்த பழுப்பு கலர் எழும்பி வரும்போது எங்க டாக்டரம்மா ஓடி வந்து பாப்பாங்க. அந்த கலரு சில நேரம் ஒரு பொம்பளையோட கர்ப்பப்பையையே காப்பாத்தும். கர்ப்பப்பை வாயில சதை எடுத்து அனுப்பியிருப்பாங்க, அது பாப்பிலோமா வைரஸால புத்துநோய்க்கு முந்தின கட்டத்துக்கு போயிடுச்சா இல்ல மாதவிலக்கு நின்ன வயசுல சதை மெலிஞ்சதால அப்படி தெரியுதான்னு குழப்பமா இருக்கும், அப்போ பி16ன்னு ஒரு புரதத்துக்கு கலர் போடுவோம், அடியிலேர்ந்து மேல வரைக்கும் இடைவெளி இல்லாம பட்டையா பழுப்பாச்சுன்னா வைரஸ் வேலைய காட்டிடுச்சுன்னு தெரியும், ஆகலன்னா அந்த அம்மாவுக்கு தேவையில்லாம வெட்ட வேணாம்.

முத்துப்பிள்ளை கர்ப்பம் தெரியும் இல்லியா, குழந்தைக்கு பதிலா திராட்சை கொத்து மாதிரி வளருமே, அதுலயும் இந்த டெஸ்ட் இருக்கு. பி57ன்னு ஒரு புரதம், அது அம்மாகிட்டேர்ந்து வந்த ஜீன்ல மட்டும் தான் தயாராகும், அப்பாகிட்டேர்ந்து வந்தது தூங்கிட்டிருக்கும். முழு முத்துப்பிள்ளையில பெரும்பாலும் செல்லோட நடுக்கருவுல அம்மாவோட டிஎன்ஏ இருக்காது, எல்லாம் அப்பா பக்கம் தான், அதனால அந்த திராட்சை கொத்துல அந்த பழுப்பு வராது. பாதி முத்துப்பிள்ளையில வரும். முழுசா இருந்தா பின்னாடி புத்துநோயா மாறுற வாய்ப்பு அதிகம், மாசக்கணக்குல ரத்தத்துல எச்சிஜிங்கிற கர்ப்ப ஹார்மோன் அளவை பாத்துக்கிட்டே இருக்கணும். முதல் தடவை அதை எனக்கு டாக்டரம்மா சொல்லிக் குடுத்தப்போ நான் ஸ்லைடை கீழ வெக்காம அரை மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், அம்மா இல்லாத இடம் கலரே இல்லாம நீலமா கெடக்கு.

சரி, இப்போ நான் இந்த கடிதம் எழுதுற உண்மையான காரணத்துக்கு வரேன்.

2022ல எங்க அக்காவுக்கு, அப்போ வயசு 52, மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டுச்சு. வீட்டு பக்கத்துல ஒரு நர்சிங் ஹோம்ல டிஎன்சி பண்ணி சுரண்டினதை ஒரு லேபுக்கு அனுப்பினாங்க, கர்ப்பப்பை உள் சவ்வுல புத்துநோய், ஆரம்ப நிலைன்னு வந்துச்சு. அத்தான் பதறிப் போய் அதே இடத்துல அடுத்த வாரமே கர்ப்பப்பைய எடுக்க ஒத்துக்கிட்டாரு. நான் அப்போ என் பொண்ணோட பேறுகாலத்துக்காக கோயம்புத்தூர்ல இருந்தேன். ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம், "அக்கா, எடுத்ததும் அதை எதுல போடறாங்கன்னு பாக்கச் சொல்லு"ன்னு. அது எனக்கு அப்போ தோணவே இல்ல, இன்னிக்கும் மனசு ஆறல.

ஆபரேஷன் நடந்தது சனிக்கிழமை மதியம். எடுத்த கர்ப்பப்பைய திறக்காம அப்படியே முழுசா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல திணிச்சு, கீழ ரெண்டு விரக்கடை பார்மலின் ஊத்தி, மூடி, மேஜைக்கு கீழ வெச்சிட்டாங்க. லேபு ஆளு வந்து எடுத்துட்டுப் போனது திங்கக்கிழமை. சென்னையில மே மாசம். அந்த டப்பா எப்படி இருந்திருக்கும்னு லேபுல வேலை பாத்தவங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

பார்மலின் சதைக்குள்ள எறங்குறது ஆமை வேகம், ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். கர்ப்பப்பை சுவரு ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர் தடிப்பு, புத்துநோய் இருக்கிறதோ நட்ட நடுவுல இருக்கிற சவ்வுல. வெளியிலேர்ந்து மருந்து உள்ள போய் சேர்றதுக்குள்ள உள்ள இருக்கிறது தன்னைத் தானே கரைச்சுக்கும். சதையோட அளவு போல குறைஞ்சது பத்து மடங்கு பார்மலின் இருக்கணும், அதுவும் சரியான 10 சதவீத பஃபர் பார்மலின், உடம்பை விட்டு வெளிய வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அதுல விழணும். லேபுக்கு உடனே போகும்னா திறக்காம அனுப்பலாம், போகாதுன்னா லேபுல சதைய பாத்து சொல்ற பெத்தாலஜி டாக்டருக்கு ஒரு போன் போட்டு எங்க திறக்கணும்னு கேட்டு ரெண்டு பக்கமும் திறந்து விட்டு தான் போடணும். சில இடத்துல சலைன் தண்ணியில போட்டு அனுப்புவாங்க, அது பார்மலின் இல்ல, அதுல போட்டா அழுகத் தான் செய்யும். இன்னும் சில இடத்துல சொந்தக்காரங்க கையிலயே டப்பாவை குடுத்து "லேபுல குடுத்துடுங்க"ன்னு அனுப்பிடுவாங்க, அவங்க பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு வருவாங்க, எத்தனை பேர் அப்படி எங்க கவுண்டர்ல வந்து நின்னிருக்காங்க.

அக்காவோட ரிப்போர்ட்ல "உள் சவ்வு சிதைந்துள்ளது, ஆழம் உறுதியாகச் சொல்ல இயலவில்லை"ன்னு வந்துச்சு, அதாவது புத்துநோய் சுவருக்குள்ள எவ்ளோ தூரம் போயிருக்குன்னு தெரியல. பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம். அங்க டாக்டர் கேட்டாரு, குடும்பத்துல வேற யாருக்காவது புத்துநோய் உண்டான்னு. அக்கா இல்லன்னு சொன்னா. நான் தான் சொன்னேன், எங்க அப்பா 1985ல குடல்ல கட்டி வந்து 44 வயசுல போயிட்டாருன்னு. அக்கா "அது குடல், இது கர்ப்பப்பை, அதுக்கும் இதுக்கும் என்ன"ன்னா. டாக்டர் பேனாவ கீழ வெச்சிட்டாரு. நாலு புரதம் பாக்கணும்னாரு, எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. செல்லு ரெண்டா பிரியும்போது டிஎன்ஏவ நகல் எடுக்குமே, அந்த நகல்ல விழற எழுத்துப் பிழைய திருத்துறவங்க இந்த நாலு பேரு. ரெண்டு ரெண்டு பேரா சேந்து தான் வேலை செய்வாங்க. இதுல யாராவது செல்லுல காணாம போனா பிழை மேல பிழை சேந்து புத்துநோய் வரும். கர்ப்பப்பை உள் சவ்வு புத்துநோய்ல நூத்துல இருபத்தஞ்சு முப்பது பேருக்கு இந்த டெஸ்ட் மாறி வரும், அதுல பெரும்பாலானவங்களுக்கு அது பரம்பரை கிடையாது, எம்எல்எச்1 ஜீன் அந்த கட்டியில மட்டும் அணைஞ்சு போயிருக்கும், அதனால யாரும் இதைப் படிச்சிட்டு பயப்பட வேணாம். ஆனா இந்த புத்துநோய் வந்தவங்கள்ல நூத்துல மூணு பேரு மாதிரி இருக்காங்க, அவங்களுக்கு அது பரம்பரையா ரத்தத்துலயே ஓடுற சமாச்சாரம். லின்ச் சின்ட்ரோம்னு பேரு. அந்த வீட்டுல பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பையிலயும் ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் பெருங்குடல்லயும் புத்துநோய் வர வாய்ப்பு அதிகம்.

டெஸ்ட் போட்டாங்க. ரிசல்ட் வந்துச்சு, "முடிவு கூற இயலாது". ஏன் தெரியுமா? இந்த நாலு புரதத்தை பாக்கும்போது கட்டியில பழுப்பு இல்லன்னா மட்டும் போதாது, பக்கத்துல இருக்கிற நல்ல செல்லுல, ரத்த வெள்ளை அணுவுல பழுப்பு வரணும், அப்போ தான் கட்டியில நிஜமாவே இல்லன்னு நம்பலாம். அக்காவோட ஸ்லைடுல நல்ல செல்லுலயும் கலர் இல்ல. டப்பாவுல ரெண்டு நாள் வெந்து போனதுல எல்லாமே செத்துப் போச்சு. கட்டின காசு போச்சு. பயாப்சிய கெடுத்தது ஒருத்தர், காசு கட்டினது எங்க அத்தான், லேபுல கலர் ஏத்தின பொண்ணு மேல எந்த தப்பும் இல்ல. தம்பி, நீங்க கோவப்பட வேண்டிய இடம் இது.

அப்புறம் அந்த டாக்டரே வழி சொன்னாரு, ஆபரேஷனுக்கு முன்னாடி பண்ண டிஎன்சி சுரண்டல் இருக்கே, அது துளித் துளி சதை, பார்மலின் உடனே எறங்கியிருக்கும், அந்த மெழுகு பிளாக்கை வாங்கிட்டு வாங்கன்னு. அதை வாங்க நாங்க அலைஞ்சது ஒன்பது நாள். ரசீது இல்ல, அத்தான் தூக்கிப் போட்டுட்டாரு. ரிப்போர்ட் நம்பர் வெச்சு தேடி, கடைசியில குடவுன்ல இருந்து ஒரு வயசான அட்டெண்டர் ஐயா எடுத்துக் குடுத்தாரு, கட்டை விரல் அகலம் கூட இல்லாத ஒரு மெழுகுத் துண்டு, ஓரத்துல பென்சில்ல நம்பரு. அதை கையில வாங்கினப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. 25 வருஷமா ஆயிரக்கணக்குல அந்த மாதிரி பிளாக்கை சீவியிருக்கேன், ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோடதுன்னு அன்னிக்கு தான் உறைச்சுது.

அதுல டெஸ்ட் அழகா வந்துச்சு. எம்எல்எச்1, பிஎம்எஸ்2 பழுப்பு. எம்எஸ்எச்2வும் எம்எஸ்எச்6ம் கட்டியில இல்ல, பக்கத்து செல்லுல இருக்கு. அப்புறம் ரத்தத்துல ஜீன் டெஸ்ட் பண்ணி எம்எஸ்எச்2ல கோளாறு உறுதியாச்சு. 1985ல எங்க அப்பாவ கொண்டு போனதும் 2022ல அக்காவுக்கு வந்ததும் ஒரே சமாச்சாரம், நடுவுல 37 வருஷம். எனக்கும் டெஸ்ட் பண்ணாங்க, எனக்கும் இருக்கு. குடலுக்குள்ள குழாய் விட்டு பாக்கிற காலனோஸ்கோப்பி பண்ணதுல ஒரு பாலிப், அதாவது சின்ன சதை வளர்ச்சி, புத்துநோய் ஆகறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை, தள்ளினா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும். என் பொண்ணுக்கு பண்ணோம், அவளுக்கு இல்ல, அன்னிக்கு ராத்திரி தான் நான் தூங்கினேன். அந்த பழைய பிளாக் கெடைக்காம போயிருந்தா இது எதுவும் எங்களுக்கு தெரிஞ்சிருக்காது.

அதனால உங்க பத்திரிகை மூலமா நான் கேக்கறது இது தான். சின்ன நர்சிங் ஹோம் நடத்துற டாக்டருங்க, தியேட்டர் சிஸ்டருங்க, தயவு செஞ்சு பெரிய டப்பா வாங்கி வெய்ங்க, பார்மலினை கஞ்சத்தனம் இல்லாம ஊத்துங்க, எடுத்த நேரத்தையும் பார்மலின்ல போட்ட நேரத்தையும் பாரத்துல எழுதுங்க. சனிக்கிழமை ஆபரேஷன்னா சனிக்கிழமையே லேபு ஆளு வருவாரான்னு முன்னாடியே கேட்டு வெய்ங்க. வெறும் கட்டி, ரத்தப்போக்குன்னு எடுத்த கர்ப்பப்பையையும் பயாப்சிக்கு அனுப்பாம தூக்கிப் போடாதீங்க, அதுலயும் சில நேரம் யாரும் எதிர்பாக்காதது இருக்கும். 1954லயே முத்துலட்சுமி ரெட்டி அம்மா அடையாறுல புத்துநோய்க்குன்னே ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஊரு இது, பொம்பளைங்களுக்குன்னு எழும்பூர்ல ஆஸ்பத்திரி வந்து நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ்ளோ இருக்கிற ஊர்ல ஒரு டப்பா பார்மலின்ல ஒரு குடும்பத்தோட பதில் அழியக் கூடாது.

லேபு நடத்துறவங்க, ஒரு மார்க்கருக்கு எவ்ளோ, எத்தனை மார்க்கர் போடப் போறீங்க, எதுக்காகன்னு முன்னாடியே ஒரு துண்டு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் குடுங்க. அந்த தம்பிக்கு யாராவது அதை சொல்லியிருந்தா அவரு இவ்ளோ கசந்து எழுதியிருக்க மாட்டாரு. காப்பீட்டு அட்டை வெச்சிருக்கவங்களுக்கு இந்த டெஸ்ட் அதுல சேருமா சேராதான்னு கவுண்டர்லயே எழுதி ஒட்டுங்க, அதிகாரிங்களும் இதை ஆபரேஷன் செலவோட செலவா சேத்துப் பாக்கணும், ஏன்னா எது புத்துநோய்னு தெரியாம ஏத்தற கீமோவுக்கு ஆகுற செலவு இதை விட பல மடங்கு.

வீட்டுல இருக்கிறவங்க, ரிப்போர்ட், ரசீது, பயாப்சி நம்பர் எதையும் தூக்கிப் போடாதீங்க. பிளாக்கையும் ஸ்லைடையும் வேற டாக்டர்கிட்ட காட்டணும்னு எழுதிக் குடுத்து கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அப்புறம் டாக்டர் குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டா குடலு, வயிறு, கர்ப்பப்பை, சினைப்பைன்னு பிரிக்காம எல்லாத்தையும் சொல்லுங்க, செத்தவங்க வயசோட சொல்லுங்க.

அந்த தம்பியோட அம்மாவுக்கு ஐஎச்சி ரிசல்ட் என்ன வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. டெஸ்டை தள்ளிப் போடாதீங்க தம்பி, முடிஞ்சா மறுபடி எழுதுங்க.

எங்க அண்ணன் இவ்ளோ நாளா அந்த ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கவே மாட்டேன்னுட்டாரு, "எனக்கு என்ன வந்துச்சு, நல்லாத்தானே இருக்கேன்"னு. போன மாசம் தான் அக்கா போய் அவர் முன்னாடி உக்காந்து அப்பாவோட பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வெச்சா, அம்மா அதை இத்தனை வருஷமா டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தாங்க. அண்ணனுக்கும் இருக்குன்னு வந்துடுச்சு. வர்ற வியாழக்கிழமை அவருக்கு காலனோஸ்கோப்பி, நானும் அக்காவும் கூட போறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை-11